படிவத்தில் இல்லாத கட்டம்

'அறிவியலும் சட்டமும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குற்றவியல் நீதிமன்றங்களில் நின்றவன். ஆகவே எனக்குத் தெரிந்த இடமான சாட்சிக்கூண்டிலிருந்தே தொடங்குகிறேன்.

இருபது ஆண்டுகள் இருக்கும். ஒரு மாவட்டத் தலைநகரில் செஷன்ஸ் நீதிமன்றம். குற்றம் சாட்டப்பட்டிருந்தவன் செங்கல் சூளையில் கல் அறுத்துக்கொண்டிருந்த பையன். பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. பிறப்புச் சான்று கிடையாது. "பெரிய மழை பெஞ்ச வருஷம், அறுப்புக்கு முன்னாடி பொறந்தான் சாமி" என்பதற்கு மேல் அவன் தாய்க்குச் சொல்லத் தெரியவில்லை. சம்பவத்தன்று அவனுக்குப் பதினெட்டு முடியவில்லை என்றால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். முடிந்திருந்தால் அங்கேயே விசாரணை. தண்டனை ஆயுள்வரை போகலாம். மணிக்கட்டு, முழங்கை, தோள், இடுப்பு என்று எக்ஸ்ரே எடுத்து அரசு மருத்துவர் சான்று கொடுத்திருந்தார். 'வயது: 18 பூர்த்தி.' அவ்வளவுதான், ஒரே வரி.

நான் குறுக்கு விசாரணைக்கு எழுந்தேன். எலும்பு முனைகள் இணைந்திருப்பதைப் பார்த்துத்தானே வயது சொன்னீர்கள் என்று கேட்டேன். ஆமாம் என்றார். அதில் முன்பின் எவ்வளவு இருக்கலாம்? "இரண்டு வருஷம் வரைக்கும் இருக்கலாம்." அப்படியானால் இந்தப் பையனுக்குப் பதினாறாகவும் இருக்கலாமா? "இருக்கலாம்." அதை ஏன் சான்றில் எழுதவில்லை? அவர் கோபப்படவில்லை. சற்று யோசித்துவிட்டு, "எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை சார். வயது என்று ஒரு கட்டம்தான் இருக்கிறது" என்றார்.

அந்தப் பதிலை நான் இன்றுவரை மறக்கவில்லை. அந்த மருத்துவர் நேர்மையானவர். கேட்டவுடன் உள்ளதை உள்ளபடி சொன்னார். எக்ஸ்ரேயை வைத்துக் கணிக்கும் வயதில் இரண்டு ஆண்டுகள் முன்பின் இருக்கலாம் என்று ஜெயமாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது. மருத்துவருக்கும் தெரியும், நீதிபதிக்கும் தெரியும். இருவருக்கும் நடுவே போய்வந்த தாளுக்கு மட்டும் தெரியாது. யாரும் கேட்காமல் விட்டிருந்தால் அந்த ஒற்றை வரி ஒரு பையனின் வாழ்நாளை முடிவு செய்திருக்கும்.

நான் இன்று சொல்ல வந்தது இதுதான். ஆய்வகத்தில் ஒவ்வொரு முடிவும் தன் ஐயத்தின் அளவோடு பிறக்கிறது. நீதிமன்றத்துக்கு வரும் வழியில் எங்கோ ஓரிடத்தில் அந்த அளவு கழன்று விழுந்துவிடுகிறது. கூண்டில் வந்து நிற்கும்போது அது வெறும் 'ஆம்' ஆகவோ 'இல்லை' ஆகவோ நிற்கிறது.

நமக்கு இது புதிய செய்தி அன்று. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை ஒரு வழக்கறிஞரின் கண்ணோடு படித்துப் பாருங்கள். கோவலனைக் கண்ட காவலர்களுக்கு ஐயம் வந்துவிடுகிறது. இவன் முகக்குறியைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். அப்போது பொற்கொல்லன் என்ன செய்கிறான்? களவு நூலை எடுத்துப் பேசுகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வருக்குத் துணை எட்டு உண்டு என்று வரிசைப்படுத்துகிறான். ஒரு துறையையே கரைத்துக் குடித்தவன் போலப் பேசுகிறான். அந்த எட்டில் ஒன்றுகூட கோவலன் கையிலிருந்த சிலம்பைப் பற்றியது இல்லை. ஆனாலும் அந்தப் பேச்சின் முன் காவலரின் ஐயம் நிற்க முடியவில்லை. அவர்களுள் ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

நிபுணர் சாட்சியத்தின் எல்லா நோயும் அந்தக் காட்சியில் இருக்கிறது. வழக்கின் முடிவால் தானே பயன்பெறப் போகிறவன் நிபுணனாக வருகிறான். பொதுவான ஒரு நூலறிவைக் குறிப்பிட்ட ஒரு மனிதன் தலையில் கட்டுகிறான். 'இந்தச் சிலம்பில் அதைச் சோதித்தாயா?' என்று கேட்க ஆள் இல்லை.

சோதனை பிறகு நடக்கிறது, வழக்குரை காதையில். என் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கப் பரல் என்று கண்ணகி முன்கூட்டியே சொல்கிறாள். எங்களுடையதில் முத்து என்று பாண்டியனும் உடைப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறான். பிறகுதான் சிலம்பு உடைகிறது. இரு தரப்பும் விடையை முன்னதாக அறிவித்துவிட்டு, இரண்டில் ஒன்றைப் பொய்யாக்கக்கூடிய சோதனையைச் செய்வது. இன்றைய ஆய்வகத்திலும் இதைவிட நல்ல முறை கிடையாது. அது ஒரு கணத்து வேலை. ஒருநாள் முன்னால் நடந்திருந்தால் மதுரை எரிந்திருக்காது.

இனி வரலாற்றுக்கு வருகிறேன். கைரேகையைக் குற்ற விசாரணைக்குக் கொண்டுவந்ததில் நம் நாட்டுக்குத் தனி இடம் உண்டு. உலகின் முதல் கைரேகைப் பிரிவு 1897-இல் கல்கத்தாவில் தொடங்கியது. ரேகைகளை வகைபிரித்து அடுக்கும் கணக்கைப் போட்டுக் கொடுத்ததில் அஜீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இரண்டு இந்தியக் காவல் அதிகாரிகளுக்குப் பெரும் பங்கு. முறைக்கு மட்டும் அவர்களின் மேலதிகாரி எட்வர்டு ஹென்றியின் பெயர் நிலைத்துவிட்டது. மாணவர்கள் அந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

அதே 1897-இல் வங்காளத்தின் ஜல்பைகுரி மாவட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்ட மேலாளர் கழுத்தறுபட்டுக் கிடந்தார். பணம் களவு போயிருந்தது. சமையற்காரன், கூலியாட்கள் என்று பலர்மேல் சந்தேகம். மேலாளரின் பெட்டிக்குள் நீல அட்டை போட்ட ஒரு வங்காளப் பஞ்சாங்கம் இருந்தது. அதன்மேல் மங்கலாக இரண்டு பழுப்புக் கறைகள். உருப்பெருக்கிப் பார்த்தபோது ஒன்று கட்டைவிரல் ரேகை என்று தெரிந்தது. கல்கத்தாவில் அடுக்கி வைத்திருந்த பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். முன்பு அதே மேலாளரிடம் வேலைபார்த்து, அவரிடம் திருடியதற்காகச் சிறை சென்று திரும்பியிருந்த கங்காலி சரண் என்பவனின் வலது கட்டைவிரலோடு அது பொருந்தியது. கறை இரத்தம்தான் என்று ரசாயன ஆய்வாளரும் சொன்னார்.

1898-இல் விசாரணை நடந்தது. உலகத்துக்கே புதிதான ஒரு சான்று. நீதிமன்றம் அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவும் இல்லை, இது என்ன வித்தை என்று தள்ளவும் இல்லை. களவுக் குற்றத்துக்குத் தண்டனை கொடுத்தது; கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. ரேகை அவன் அந்தப் பெட்டியைக் கிளறினான் என்று சொல்கிறது, கழுத்தை அறுத்தது அவன் கைதான் என்பதைக் கண்டவர் இல்லை என்பது அங்கு இருந்தவர்களின் எண்ணம்.

அன்று கொலையுண்டவருக்கு நீதி கிடைத்ததா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. என்னாலும் அதற்கு முழு மனதோடு ஆம் என்று சொல்ல முடியவில்லை. ஆனால் ஒரு சான்று எதுவரை பேசுகிறதோ அதுவரை மட்டுமே அதைக் கேட்ட அந்தக் கட்டுப்பாடு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நிபுணர் கருத்தைப் பற்றிப் பேசிய 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 45-ஆம் பிரிவில் 'விரல் ரேகை' என்ற சொல் 1899-இல்தான் சேர்க்கப்பட்டது. சட்டத்தில் சொல் ஏறுவதற்கு முன்பே நீதிமன்றம் அதன் எல்லையைக் கண்டுகொண்டது.

எல்லை தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் சாலி கிளார்க் வழக்கு. அந்த அம்மையார் ஒரு வழக்கறிஞர். 1996-இல் மூத்த ஆண்குழந்தை சில வாரங்களில் இறந்தது. 1998-இல் இரண்டாவதும் அப்படியே. கொலை என்று வழக்கு. 1999-இல் செஸ்டர் நீதிமன்றத்தில் பெயர்பெற்ற குழந்தை மருத்துவப் பேராசிரியர் ஒருவர் கூண்டில் ஏறி ஒரு கணக்குச் சொன்னார். இப்படிப்பட்ட வசதியான, புகைபிடிக்காத வீட்டில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் தொட்டிலில் இறப்பது 8,543-இல் ஒன்று. இரண்டும் இறப்பது அந்த எண்ணை அதனாலேயே பெருக்கினால் வருவது, அதாவது ஏறத்தாழ 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று. ஜூரிகள் பத்துக்கு இரண்டு என்ற கணக்கில் குற்றவாளி என்றார்கள். ஆயுள் தண்டனை.

அந்தப் பெருக்கலில் என்ன தவறு? நம் ஊர்ப் பாட்டிகளுக்குத் தெரியும். வீட்டில் மூத்த பிள்ளைக்கு அம்மை போட்டுவிட்டால், இளையதற்குப் போடும் வாய்ப்பும் தெருவில் மற்ற பிள்ளைகளுக்கு உள்ள வாய்ப்பும் ஒன்றா? ஒரே வீடு, ஒரே தாய் தகப்பன், ஒரே உடற்கூறு. முதல் குழந்தையைக் கொண்டுபோன காரணம், நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று, இரண்டாவதையும் தொடலாம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நிகழ்ச்சிகளுக்குத்தான் அப்படிப் பெருக்கலாம். தொடர்பில்லை என்று யாரும் நிறுவவில்லை.

இரண்டாவது தவறு இன்னும் ஆழமானது. ஏழு கோடியில் ஒன்று என்றதும், அவர் குற்றமற்றவராக இருக்கும் வாய்ப்பே ஏழு கோடியில் ஒன்றுதான் என்று கேட்டவர்கள் எடுத்துக்கொள்ள வழி உண்டாயிற்று. கேரள லாட்டரியில் பம்பர் பரிசு ஒருவருக்கு விழுவது பல லட்சத்தில் ஒன்று. விழுந்தவரைப் பார்த்து, இது நடக்கவே முடியாது, நீ சீட்டைத் திருடியிருக்க வேண்டும் என்று சொல்வோமா? பெற்ற தாயே இரண்டு குழந்தைகளைக் கொல்வதும் அரிதிலும் அரிது. இரண்டு அரிய நிகழ்ச்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது கூடுதல் அரிது என்று பார்த்திருக்க வேண்டும். நீதிமன்றத்தின் முன் ஒன்றுதான் வைக்கப்பட்டது.

2001-இல் இங்கிலாந்தின் ராயல் புள்ளியியல் கழகம், இந்தக் கணக்குக்குப் புள்ளியியலில் அடிப்படை இல்லை என்று பகிரங்கமாக அறிக்கை விட்டது. ஒரு வழக்கின் கணக்கைப் பற்றி ஓர் அறிஞர் கழகம் வாய் திறந்தது எளிய காரியம் இல்லை. பிறகு வேறொன்றும் தெரிய வந்தது. இரண்டாவது குழந்தையின் உடலில் கிருமி இருந்ததைக் காட்டும் ஆய்வக முடிவு, பிரேதப் பரிசோதனை செய்தவரிடமே இருந்திருக்கிறது. எதிர்த்தரப்புக்குப் போய்ச் சேரவில்லை. 2003 ஜனவரியில் தண்டனை ரத்தானது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறை. வெளியே வந்த சாலி கிளார்க் அந்த அடியிலிருந்து மீளவேயில்லை. 2007-இல் இறந்துபோனார். அவருக்கு அப்போது 42 வயது.

அவரை வீழ்த்தியது பேராசிரியர் ஒருவரின் தவறு மட்டும் என்று நான் நினைக்கவில்லை. அந்த அறையில் எத்தனை படித்தவர்கள் இருந்தார்கள்! ஓர் எண் பெரிதாக இருந்தால் போதும், அது எங்கிருந்து வந்தது என்று கேட்கும் துணிவு நமக்குப் போய்விடுகிறது. பொற்கொல்லனின் எட்டுத் துணைகள் அன்று செய்ததை இங்கே ஓர் எண் செய்தது.

நம் நீதிமன்றங்கள் இதில் எப்படி நடந்திருக்கின்றன? உண்மை கண்டறியும் சோதனை, நார்கோ சோதனை, மூளைப்பதிவு ஆகியவற்றை ஒருவரின் சம்மதமின்றிச் செய்யக்கூடாது என்று செல்வி வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் வற்புறுத்தக்கூடாது என்னும் அரசமைப்பின் 20(3) அதற்கு அடிப்படை. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் மருத்துவம் என்ற பெயரில் செய்யப்பட்டுவந்த இருவிரல் சோதனையை 2013-இல் கண்டித்தது. 2022-இல் இன்னும் கடுமையாக, அதற்கு அறிவியல் அடிப்படையே இல்லை, செய்பவர் ஒழுங்கீனக் குற்றத்துக்கு உள்ளாவார் என்றது. எத்தனை பெண்கள், எத்தனை ஆண்டுகள், வெள்ளை அங்கி அணிந்த ஒரு மூடநம்பிக்கையின் முன் கூனிக் குறுகினார்கள்! அறிவியலின் பெயரில் வருவதெல்லாம் அறிவியல் ஆகிவிடாது என்று சொல்லும் கடமை நீதிமன்றத்துக்கு உண்டு. அதை நாம் மிகத் தாமதமாகச் செய்தோம்.

தந்தை யார் என்ற கேள்வியில் வேறு வகைச் சிக்கல். திருமண காலத்தில் பிறந்த குழந்தைக்குக் கணவரே தந்தை என்று 1872 சட்டத்தின் 112-ஆம் பிரிவு கொண்டது. கணவனும் மனைவியும் கூட வாய்ப்பே இருந்ததில்லை என்று நிறுவினால் ஒழிய அதை அசைக்க முடியாது. குழந்தையின்மேல் பழி விழக்கூடாது என்பதற்காக எழுதிய விதி அது. டிஎன்ஏ வந்த பிறகு விதி என்னாவது? 1993-இல் கௌதம் குண்டு வழக்கில், கேட்டவுடன் இரத்தப் பரிசோதனைக்கு உத்தரவிடக்கூடாது என்றார்கள். 2014-இல் நந்த்லால் வழக்கில், டிஎன்ஏ முடிவு ஏற்கெனவே வந்து, அது சரிதான் என்பதிலும் மறுப்பில்லாதபோது, ஊகம் உண்மைக்கு வழிவிட வேண்டும் என்றார்கள். இரண்டும் முரண் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெரிந்த உண்மையை மறுக்கக்கூடாது. ஆனால் எந்த உண்மையைத் தோண்டிப் பார்க்கலாம் என்பதை ஆய்வகம் முடிவு செய்ய முடியாது. அதைச் சமூகத்தின் சார்பில் சட்டம்தான் செய்ய வேண்டும்.

இந்த இடத்தில் என்னை வேலூருக்குப் போகவிடுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வழியாகப் பாலாற்றங்கரையில் போனவர்களுக்கு அந்த வாடை தெரியும். தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதில் பதிவாகியிருக்கும் விவரங்களைப் பாருங்கள். தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு ஆகாமல் போனது. திண்டுக்கல் பகுதிக் கிராமங்களில் ஆய்வு செய்த 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டிருந்தன.

கிணற்றில் இறைத்த தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்த விவசாயிக்கு அது கெட்டுவிட்டது என்று தெரியும். ஆனால் 'இந்த ஆலையிலிருந்து வெளியேறிய இந்த ரசாயனம்தான், இந்தக் கிணற்றை, இந்த அளவு கெடுத்தது' என்று அவர் நிரூபிக்க வேண்டும் என்றால், நிலத்தடி நீரோட்டத்தை அளக்கும் ஆய்வகத்தை அவர் தன் வயலிலேயே கட்ட வேண்டியிருக்கும். நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு அந்தப் பாரத்தைத் திருப்பி வைத்தது. மீள முடியாத கேடு வரும் என்ற நிலையில், அறிவியல் உறுதி இன்னும் கிடைக்கவில்லை என்று சொல்லி நடவடிக்கையைத் தள்ளிப்போடக்கூடாது. தன் செயலால் சுற்றுச்சூழலுக்குத் தீங்கில்லை என்று தொழில் நடத்துபவரே நிரூபிக்க வேண்டும் என்றது.

செங்கல் சூளைப் பையனின் வழக்கையும் பாலாற்று விவசாயியின் வழக்கையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். இரண்டிலும் அறிவியல் 'உறுதியாகச் சொல்ல முடியவில்லை' என்கிறது. முதல் வழக்கில் அந்த ஐயத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு. இரண்டாவதில் அதே ஐயத்தின் பலன் மாசுபடுத்தியவருக்குப் போகக்கூடாது. ஐயம் எவ்வளவு என்று அளந்து சொல்வது அறிவியலின் வேலை. அந்த ஐயத்தின் சுமையை யார் தோளில் வைப்பது என்று தீர்மானிப்பது சட்டத்தின் வேலை. அளவு தெரியாமல் சுமையை நியாயமாக இறக்கி வைக்க முடியாது. அதனால்தான் அந்த முன்பின் கணக்கு வழியில் தொலைந்துபோவதைப் பற்றி இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கிறேன். தீர்ப்பு வந்தும் ஆறு தேறிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதே தோல் கழிவுக்காக 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது.

இப்போது காலம் மாறுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்கே போய்ச் சான்று சேகரிக்க வேண்டும் என்கிறது. மாநிலங்கள் தயாராவதற்கு ஐந்தாண்டு அவகாசம். நல்ல மாற்றம், வரவேற்கிறேன். ஆனால் அறிக்கைகள் மலைபோல் குவியும். அரசு அறிவியல் வல்லுநர்கள் சிலரின் அறிக்கையை, அவர்களைக் கூண்டில் ஏற்றாமலே சான்றாக எடுத்துக்கொள்ளப் பழைய நடைமுறைச் சட்டத்தின் 293-ஆம் பிரிவு இடம் கொடுத்தது. புதியதில் அது 329-ஆம் பிரிவு. நீதிமன்றம் விரும்பினால் அவரை அழைக்கலாம், பெரும்பாலும் அழைப்பதில்லை. அரக்கு முத்திரையோடு உறை வருகிறது, எண்ணிடப்படுகிறது, சான்றாவணம் ஆகிறது. எதிர்த்தரப்பில் நிற்பவர் ஏழை என்றால் மறுபரிசோதனைக்கு அவர் எங்கே போவார்? இலவச சட்ட உதவியில் வழக்கறிஞர் கிடைக்கிறார். அவருக்குத் துணையாக ஓர் அறிவியல் வல்லுநர் கிடைப்பதை என் அனுபவத்தில் நான் பார்த்ததில்லை.

நிபுணர் தம் முடிவை மட்டும் சொன்னால் போதாது, அந்த முடிவைச் சோதிக்கத் தேவையான அளவுகோல்களையும் நீதிபதியின் கையில் கொடுக்க வேண்டும் என்று இமாச்சலப் பிரதேச அரசுக்கும் ஜெய் லாலுக்கும் நடந்த வழக்கில் 1999-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. புதிதாகச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. சொன்னதைச் செய்தால் போதும்.

அந்தப் பையனுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். மருத்துவர் 'இருக்கலாம்' என்று சொன்ன பிறகு, நீதிபதி அந்த இரண்டாண்டு ஐயத்தை அவன் பக்கம் வைத்தார். வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்கு மாறியது. தாயார் வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டாக்டர் நல்லா சொன்னாருங்களா?" என்று கேட்டார். நல்லா சொன்னார் அம்மா, என்றேன்.

இந்த அவையில் நாளைய அரசு மருத்துவர்களும் தடயவியல் அதிகாரிகளும் வழக்கறிஞர்களும் ஒரு சிலராவது நாளைய நீதிபதிகளும் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் கையெழுத்துக்கு ஒரு படிவம் வரும். அதில் முடிவை எழுத ஒரு கட்டம் இருக்கும். பக்கத்தில் இன்னொரு கட்டத்தை நீங்களே பேனாவால் வரையுங்கள். முன்பின் எவ்வளவு என்று அதில் எழுதுங்கள். வழக்கறிஞராகப் போகிறவர்கள், அந்தக் கட்டம் இல்லாத அறிக்கை எதுவானாலும் அதை எழுதியவரைக் கூண்டுக்கு அழைக்க மனுப் போடுங்கள்.